டூர்ல பசங்ககிட்ட கத்தலாமா? மாமல்லபுரத்துல நான் கத்துன ஒரு நாளைப் பத்தின நிகழ்வு ஆய்வு

முதல்லயே சொல்லிடுறேன், இதுல தப்பு பண்ணுனது நான்தான். வேற யாரோ ஒரு டீச்சர் கத்துனதை ஓரமா நின்னு பாத்து எழுதுற கட்டுரை கிடையாது. விழுப்புரம் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல சோசியல் எடுக்குறேன், பதினேழு வருஷ சர்வீஸ். 2025 ஜனவரியில பொங்கல் லீவு முடிஞ்சு எட்டாவது ஒன்பதாவது பசங்களை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனோம். டூர் பிளான் போட்டது நான், அன்னைக்கு அதிகமா கத்துனதும் நான். வந்ததுக்கு அப்புறம் எச்.எம் "என்ன நடந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க"ன்னார், ஒன்றரை பக்கத்துல எழுதிக் குடுத்தேன், அதுல பாதி மழுப்பல். இது முழுசு.

கணக்கு இதுதான். பசங்க 92 பேர், பஸ் 2, பெரியவங்க 6 பேர். நான், பிடி சார், தமிழ் ஐயா, கணக்கு மிஸ், சயின்ஸ் மிஸ், அப்புறம் லேப் அண்ணன். ஆளுக்குப் பதினஞ்சு பசங்கன்னு பேப்பர்ல போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு மிஸ் வாந்தி எடுக்குற பிள்ளையோட உக்காந்துட்டா, ஒருத்தர் டிக்கெட் வாங்கப் போயிட்டா மிச்சம் நாலு பேர்தான், இது எந்தப் பேப்பர்லயும் வராது.

இன்னொரு விஷயமும் மனசுல இருந்துச்சு. அதுக்கு முந்துன மாசம்தான், 2024 டிசம்பர் 10ஆம் தேதி, கர்நாடகாவுல முருடேஸ்வர் கடல்ல டூர் வந்த ஸ்கூல் பொண்ணுங்க நாலு பேர் அலையில போயிட்டாங்க, கூட வந்த டீச்சர்ஸ் மேல கேஸ் போட்டு அரெஸ்ட் பண்ணாங்க. அந்த வருஷம் ஜனவரி 18ல வதோதரா ஹர்னி ஏரியில படகு கவுந்து 12 பசங்களும் 2 டீச்சரும் செத்தாங்க. அதனால எச்.எம் கிளம்பும்போதே "தண்ணி பக்கமே விடாதீங்க மிஸ், சத்தம் போட்டாவது அடக்கி வைங்க"ன்னார். சத்தம் போட பெர்மிஷன் கையெழுத்து போட்டே வாங்கிட்டுப் போன மாதிரிதான்.

காலையில

அஞ்சு மணிக்குக் கிளம்பணும், ஒரு பஸ் லேட்டு, கிளம்பும்போது மணி அஞ்சு ஐம்பது. பசங்க மூன்றரைக்கே எழுந்தாச்சு, பல பேர் ராத்திரி தூங்கவே இல்ல, டூர்னா அப்படித்தானே. மரக்காணம் உப்பளம் தாண்டுறப்ப நல்லா விடிஞ்சிருச்சு, ஒரே பாட்டு டான்ஸு. எட்டரைக்கு மாமல்லபுரம் போய் டிஃபன் சாப்பிடுறதா பிளான். ஆனா பொங்கல் அண்டா இருந்தது ரெண்டாவது பஸ்ல, அந்த பஸ் கூவத்தூர் பக்கம் பஞ்சர்.

இங்கதான் என் முதல் முட்டாள்தனம். முதல் பஸ்ல இருந்த 46 பேரோட நாங்க மூணு பேர் முன்னாடியே வந்து சேந்துட்டோம், பக்கத்துல பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கிக் குடுத்துட்டு நிழல்ல உக்கார வச்சிருக்கலாம். நான் என்ன நெனச்சேன்னா, டைம் வேஸ்ட் ஆகுதே, பஸ் வர்றதுக்குள்ள ஐந்து ரதத்தை முடிச்சிடலாமேன்னு. மூன்றரைக்கு எழுந்து, வெறும் வயித்துல, மூணு மணி நேரம் பஸ்ல குதிச்ச 46 பசங்களை ஒன்பது இருபதுக்கு ரதத்துக்குள்ள கூட்டிட்டுப் போறேன், அதுவும் ஒவ்வொரு ரதமும் ஒரே பாறையில மேல இருந்து கீழ குடைஞ்சது, பாண்டவர் பேரெல்லாம் பின்னாடி வந்தது, பல்லவங்க வச்ச பேர் இல்லன்னு லெக்சர் எடுக்கலாம்னு. யாரு கேப்பா? எனக்கே பசிச்சுது.

லேப் அண்ணன் அவர் போன்ல ஸ்கூல் குரூப்புக்குன்னு வீடியோ எடுத்திருந்தார், பதினோரு நிமிஷம். டூர் முடிஞ்ச வாரம் அதைப் பாத்தேன். ரதம் கொஞ்சம் தெரியுது, பசங்க கொஞ்சம் தெரியுறாங்க, ஆனா பேக்ரவுண்ட் மியூசிக் முழுக்க என் குரல்தான். "டேய்" மட்டும் இருபத்து மூணு தடவை. உக்காந்து எண்ணுனேன். "டேய்"க்கு அப்புறம் என்ன செய்யணும்னு சொன்னது நாலே தடவை. மிச்சமெல்லாம் வெறும் டேய்.

அந்தக் கத்தல்

ரதங்களுக்குப் பக்கத்துல ஒரு கல் யானை இருக்கு, எல்லாருக்கும் தெரியும், அதுல சாஞ்சுக்கிட்டு போட்டோ எடுக்காத ஆள் கிடையாது. எட்டாவது பையன் ஒருத்தன், பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டு உக்காந்தவன், அவனை ஜன்னல் பையன்னே வச்சுக்குவோம், அது மேல ஏறப் பாத்தான். ஒரு தடவை எறக்கி விட்டேன். ரெண்டாவது தடவை பாதி ஏறிட்டான், கீழ நாலு பேர் கை தட்டுறாங்க. காவலாளி விசில் அடிச்சுட்டு வந்து பையன்கிட்ட ஒண்ணும் சொல்லல, நேரா என்கிட்ட வந்தார். "ஏம்மா, கூட்டிட்டு வர்றீங்கல்ல, பாத்துக்க மாட்டீங்களா?" வெளியூர்காரங்க, வெள்ளைக்காரங்க ரெண்டு பேர், எல்லாரும் பாக்குறாங்க.

அவர் கேட்டது நியாயம்தான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல நிக்கிற கல்லு. ஆனா எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு, அந்த சூடு நேரா பையன் மேல எறங்கிருச்சு. சட்டையைப் பிடிச்சு எறக்குனேன், அந்த எடம் பூரா கேக்குற மாதிரி கத்துனேன். என்ன கத்துனேன்னு அப்படியே எழுதுறேன், மழுப்பினா இந்த ஆய்வே தண்டம்: "ஃபீஸ் கட்ட வக்கில்லாம நின்னியே, பாவம்னு நாங்க கைக்காசு போட்டு கூட்டிட்டு வந்தா இதான் லட்சணமாடா?"

டூர் ஃபீஸ் 650 ரூபா. அவன் வீட்டுல 350தான் முடிஞ்சுது, மிச்சத்தை நானும் தமிழ் ஐயாவும் போட்டோம். அது அவனுக்கும் அவங்க அம்மாவுக்கும் எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அன்னைக்கு ஒன்பது நாப்பதுக்கு 45 பசங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.

அவன் ஒண்ணும் பேசல. கை தட்டுன நாலு பேரும் கப்சிப். எல்லாரும் வரிசையில அழகா நின்னாங்க, அந்த நிமிஷம் எனக்கு ஒரு வெற்றி மாதிரி கூட இருந்துச்சு, பாரு, கத்துனாதான் கேக்குதுங்கன்னு. இந்த உணர்வுதான் கத்தலோட பெரிய மாயம். உடனே பலன் தெரியும். அது எதுக்கான பலன்னு அப்பத் தெரியாது.

அதுக்கப்புறம்

பத்து பத்துக்கு ரெண்டாவது பஸ் வந்துச்சு, பொங்கல் சாப்பிட்டாங்க. ஜன்னல் பையன் சாப்பிடல, இது எனக்கு பின்னாடி தெரிஞ்சது, அப்ப நான் அண்டா பக்கம் நின்னுட்டு இருந்தேன். அப்புறம் அர்ச்சுனன் தபசு. அங்க தமிழ் ஐயா குரலே உயர்த்தல, "இங்க ஒரு பூனை தவம் பண்ணுது, யாரு கண்டுபிடிக்கிறீங்க?"ன்னு மட்டும் கேட்டார். 92 பேரும் பாறையை மேஞ்சாங்க, ரெண்டு கையையும் தூக்கி நிக்கிற பூனை, காலடியில எலிங்க, கண்டுபிடிச்சதும் ஒரே சிரிப்பு. அந்த இருபது நிமிஷம் யாரும் யாரையும் அதட்டல. நானும் கவனிச்சேன், ஆனா அதுல எதையும் கத்துக்கணும்னு தோணல, "ஐயாவுக்கு பசங்க அடங்குவாங்க"ன்னு கடந்து போயிட்டேன்.

வெண்ணெய் உருண்டை பாறை பக்கம் வழுக்குப் பாறையில பசங்க சறுக்கு விளையாடுறப்ப பிடி சார் தலையை எண்ணினார். 92ன்னார். சறுக்கிக்கிட்டு மேல ஓடி மறுபடி சறுக்குற பசங்களை எண்ணுனா எப்படி சரியா வரும், ஒருத்தனை ரெண்டு தடவை எண்ணியிருக்கோம். கடற்கரைக் கோயிலைச் சுத்திட்டு பன்னெண்டே முக்காலுக்கு வெளிய வந்து பேர் வாசிச்சு அட்டெண்டன்ஸ் எடுத்தோம். 91.

ஜன்னல் பையன் இல்ல.

அந்த அரை மணி நேரத்தை இப்ப நெனச்சாலும் அடி வயிறு பிசையுது. நானும் கணக்கு மிஸ்ஸும் திரும்ப வெண்ணெய்ப் பாறை பக்கம் ஓடுனோம், லேப் அண்ணன் கடை கடையா தேடுனார். மிச்சம் மூணு பேர் 91 பசங்களோட கடற்கரைக் கோயில் பக்கத்துல மணல்ல. அப்பதான் ஒன்பதாவது பசங்க ஒரு பத்து பன்னெண்டு பேர் "சார் காலை மட்டும் நனைக்கிறோம்"னு எறங்கிட்டாங்க. முட்டி வரைக்கும், அப்புறம் இடுப்பு. பிடி சார் விசில் அடிச்சார், கத்துனார், மறுபடி விசில். ஒருத்தன் கூட திரும்பல. அவர் காலையில பஸ்ல ஏறுனதுல இருந்து அந்த விசிலை அடிச்சிட்டே இருந்தார், வரிசையில நில்லுன்னா விசில், தட்டைக் கழுவுன்னா விசில், பஸ்ல ஏறுன்னா விசில். பசங்க காதுக்கு அது கொசு ரீங்காரம் மாதிரி ஆயிருச்சு.

சங்கு சோழி பாசிமணி விக்கிற ஒரு அக்கா கடையை விட்டு எழுந்து வந்து ஒரே ஒரு சத்தம் போட்டுச்சாம்: "டேய்! வெளிய வாங்கடா, இங்க உள்ள இழுக்கும்!" அத்தனை பேரும் வெளிய வந்துட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. பேன்ட் நனைஞ்சதோட போச்சு.

ஜன்னல் பையன் ஒன்னே காலுக்குக் கெடச்சான். பார்க்கிங்ல எங்க பஸ்ல, கடைசி சீட்ல. டிரைவர் அண்ணன்தான் ஏத்தி உக்கார வச்சு டீ பன் வாங்கிக் குடுத்திருக்கார். "தலைவலிக்குதுன்னான் மேடம், உங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்னான்"னு சொன்னார், பையன் கையில நூத்தம்பது ரூபா. அவங்க அம்மா செலவுக்குக் குடுத்தது. பஸ்ஸுக்குள்ள ஏறி "எங்கடா போன"ன்னு கேட்டேன், பதிலே இல்ல, காசை நீட்டுனான். "மிச்சம் நூத்தம்பது அடுத்த மாசம் தரேன் மிஸ்."

நான் அப்ப திட்டவும் இல்ல, அழவும் இல்ல, வாங்கவும் இல்ல. "சாப்பிட வாடா"ன்னு மட்டும் சொன்னேன். முதலைப் பண்ணை போறதா இருந்துச்சு, அதை கேன்சல் பண்ணிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டோம், அதுக்கு மத்த 91 பேரும் அவனைத்தான் முறைச்சாங்க. அதுவும் என் கணக்குலதான் சேரும்.

இதுல என்ன உடைஞ்சது

வந்ததுக்கு அப்புறம் பசங்ககிட்ட பேர் எழுதாம பேப்பர்ல எழுதி வாங்கினேன், டூர்ல என்ன பிடிச்சுது, என்ன பிடிக்கலன்னு. முக்கால்வாசி பூனை. அடுத்தது முதலை பாக்காத கோவம். ஆனா ரெண்டு பேப்பர்தான் என்னைத் தூங்க விடல. ஒண்ணுல, "அவன் பஸ்ஸுக்குப் போறதை நாங்க பாத்தோம், சொன்னா நீங்க மறுபடி கத்துவீங்கன்னு சொல்லல." இன்னொண்ணு பெண் பிள்ளை கையெழுத்து மாதிரி இருந்துச்சு, "அவனுக்காக பயப்படல மிஸ், அடுத்து எங்க வீட்டு விஷயத்தை சொல்லிருவீங்களோன்னு பயந்தோம்."

முதல் பேப்பரைக் கொஞ்சம் யோசிங்க. டூர்ல டீச்சருக்கு கண்ணு ரெண்டுதான், பசங்க கண்ணு நூத்தி எண்பத்து நாலு. யாரு எங்க போறான், யாருக்கு மயக்கம் வருது, யாரு உடைஞ்ச பீர் பாட்டில் துண்டைக் காலால மிதிச்சுட்டான், எல்லாம் முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். வந்து சொல்றவன் இருந்தா டூர் பத்திரமா முடியும். நான் ஒன்பது நாப்பதுக்கு கத்துன ஒரு கத்துல அந்த வழியை அடைச்சுட்டேன். ஒன்னே கால் வரைக்கும் அந்தப் பையன் எங்க இருக்கான்னு தெரியாம இருந்தது எங்க ஆறு பேருக்கு மட்டும்தான், பசங்கள்ல சில பேருக்குத் தெரியும்.

அடுத்தது, நம்ம தமிழ்லயே இதுக்கு தனித்தனி வார்த்தை இருக்கு, நாமதான் எல்லாத்தையும் ஒண்ணா கலந்துடுறோம். கூப்பிடுறது வேற, அதட்டுறது வேற, திட்டுறது வேற, கத்துறது வேற. அந்தப் பாசிமணி அக்கா பண்ணுனது அதட்டல். சின்னது, என்ன செய்யணும்னு இருந்துச்சு, ஏன்னும் இருந்துச்சு, முடிஞ்சதும் அந்தக்கா கடைக்குப் போயிருச்சு. பிடி சார் பண்ணுனது கத்தல், சத்தம் இருக்கு, சேதி இல்ல. நான் ரதத்துகிட்ட பண்ணுனது திட்டு, அதுவும் திட்டுலயே கேவலமான வகை. அதையே நான் சன்னமான குரல்ல சொல்லியிருந்தாலும் அதே காயம்தான். அதனால "கத்தலாமா வேணாமா"ங்குற கேள்வியில சத்தம் பாதிதான். அந்த சத்தத்துக்குள்ள என்ன வச்சு அனுப்புறோம்ங்குறது மிச்சப் பாதி.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு, உடம்புல அடிக்கிறதோட மனசளவுல துன்புறுத்துறதையும் தடை பண்ணுது, மீறுனா டீச்சர் மேல துறை நடவடிக்கை. நம்ம மாநிலத்துல அதுக்கு முன்னாடியே 2003ல கல்வி விதிகள்ல 51ஆவது விதியைத் திருத்தி அடி தண்டனையை எடுத்தாச்சு. குழந்தைகள் உரிமை ஆணையத்தோட வழிகாட்டுதல்ல மனத் துன்புறுத்தல்னா என்னன்னு விளக்கமாவே இருக்கு: பட்டப்பேர் வைக்கிறது, குத்திக் காட்டுறது, குடும்பப் பின்னணி, வசதி, பெத்தவங்க தொழில், சாதி இதை வச்சு கேலி பண்றது. சத்தமா பேசுறதே குத்தம்னு அதுல இல்ல. ஆனா நான் சொன்ன வாக்கியம் அதுல அச்சு அசலா உக்காருது. இத்தனைக்கும் நாங்க இதுக்கு டிரெயினிங் போயிருக்கோம், டீ வடை சாப்பிட்டோம், கையெழுத்து போட்டோம்.

பழைய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1970ல அமெரிக்காவுல ஓ'லியரின்னு ஒருத்தரோட குழு வகுப்புல குழப்பம் பண்ற பசங்களை ரெண்டு விதமா கண்டிச்சுப் பாத்தாங்க, ஒண்ணு கிளாஸ் பூரா கேக்குற மாதிரி, இன்னொண்ணு அந்தப் பையனுக்கு மட்டும் கேக்குற மாதிரி பக்கத்துல போய் மெதுவா. மெதுவா சொன்னப்ப சேட்டை கொறஞ்சுது, திரும்ப சத்தமா சொல்ல ஆரம்பிச்சதும் ஏறிருச்சு. கொஞ்ச பசங்களை வச்சு பண்ணுன சின்ன ஆராய்ச்சிதான், டூர்ல பண்ணுனதும் இல்ல. ஆனா காரணம் யோசிச்சா நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சத்தமா திட்டுனா அவனுக்கு ஒரு மேடை போட்டுக் குடுக்குறோம். மேடையில நிக்கிறவன் ஒண்ணு ஹீரோ ஆகணும், இல்ல அசிங்கப்படணும், நடுவுல "சரி மிஸ்"னு எறங்கிப் போற வழியே இல்ல. கல் யானைகிட்ட அவனுக்கு கை தட்ட நாலு பேர் இருந்தாங்க. நான் போய் அந்த மேடையை இன்னும் பெருசாக்கிட்டேன்.

இப்ப பிடி சாரோட கட்சி. ஸ்டாஃப் ரூம்ல இதைப் பேசுறப்ப அவர் சூடாயிட்டார். "மிஸ், இடுப்பளவு தண்ணியில நிக்கிறவன் காதுல போய் மெதுவா சொல்லுவீங்களா? முருடேஸ்வர்ல நடந்தது நமக்கு நடந்திருந்தா, ஏன் மெதுவா பேசலன்னா கேப்பாங்க? ஏன் கத்தலன்னுதான் கேப்பாங்க." நூத்துக்கு நூறு கரெக்ட். ரோடு, தண்ணி, பாறை விளிம்பு, ஓடுற பஸ் கதவு, இங்கெல்லாம் தொண்டை கிழிய கத்தணும், மரியாதை கிரியாதை எல்லாம் அப்புறம். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அவர்கிட்ட நான் கேட்டது ஒண்ணுதான், "சார், நீங்க கத்துனீங்களே, திரும்புனாங்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்தம்மா கத்துனா திரும்புறானுங்க"ன்னார், கொஞ்சம் வருத்தமாவே.

அதான் விஷயம். அபாயத்துக்கு ஒரு சத்தம் வேணும், அதை நாங்க தட்டு கழுவுறதுக்கும் வரிசைக்கும் செலவு பண்ணித் தீத்துட்டோம். மதியம் கடல்கிட்ட தேவைப்பட்டப்ப கையில மிச்சம் இல்ல. நான் கத்தினதால ஒருத்தன் காணாமப் போனான், அவனைத் தேட மூணு பேர் போனோம், அந்த ஓட்டையிலதான் பசங்க தண்ணிக்குப் போனாங்க, நாள் முழுக்க அடிச்ச விசிலால அவங்களைத் திருப்ப முடியல. ஒவ்வொண்ணும் தனித்தனியா பாத்தா சின்ன விஷயம்.

பசங்க சேட்டையும் பெரும்பாலும் நாங்க சமைச்சதுதான். டிஃபன் அண்டா ரெண்டு பஸ்லயும் பிரிச்சு வச்சிருந்தா, ஒன்பது நாப்பதுக்கு அவன் பொங்கல் சாப்பிட்டுட்டு இருந்திருப்பான். அதுக்காக ஏறுனது சரின்னு சொல்லல, ஏறக்கூடாதுன்னு அவனுக்கும் தெரியும்.

செஞ்சியில

அடுத்த டூர் 2026 ஜனவரி, செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில மராட்டிய கோட்டைகளோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, 12 கோட்டையில மகாராஷ்டிராவுக்கு வெளிய இது ஒண்ணுதான், பக்கத்துலயே இருக்கு, ஃபீஸும் கம்மி. ஃபீஸை ஆபீஸ்லயே ஒரே கவர்ல வாங்குனோம், யாரு எவ்வளவு கட்டுனான்னு எந்த டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது ஒண்ணு தமிழ் ஐயா யோசனை.

கிளம்புறதுக்கு முந்துன வாரம் கிரவுண்ட்ல ஒரு பயிற்சி வச்சோம். விசில் மூணு தடவை அடிச்சு "நில்"னு சத்தம் வந்தா, என்ன பண்ணிட்டு இருந்தாலும் சிலை மாதிரி நிக்கணும். அதை வேற எதுக்கும் யூஸ் பண்ண மாட்டோம்னு பசங்க முன்னாடியே பிடி சார் வாக்கு குடுத்தார், அவருக்கு அது ரொம்பக் கஷ்டம், விசில் அவர் கழுத்துல இருக்குறப்ப வாய் தானா போகும், அதனால விசிலை பாக்கெட்ல போட்டுக்கிட்டார். எட்டு எட்டு பேரா குழு, குழுத்தலைவன் பேர் சொல்லி எண்ணணும், தலையை எண்ணக் கூடாது. சேட்டை பண்ணுனா பக்கத்துல போய் பேரைச் சொல்லி, என்ன செய்யணும்னு ஒரு வரி. அதுக்கும் கேக்கலன்னா அவன் என்கூடவே நடக்கணும், லெக்சர் கிடையாது, என் பைய தூக்கணும் அவ்ளோதான்.

ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் கீழ பாறை பிளந்து நிக்கிற ஒரு எடம் இருக்கு, நல்ல ஆழம், குறுக்கால பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா எதிரி மேல ஏற முடியாது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தன் கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டை குரங்கு பிடுங்கிருச்சு, அவன் அதைத் துரத்திக்கிட்டு விளிம்பு பக்கம் ஓடுறான். மூணு விசில், "நில்!" நின்னான். அவன் மட்டும் இல்ல, முன்னாடி போன முப்பது பேரும் அப்படியே நின்னாங்க, குரங்கு கூட ஒரு செகண்ட் நின்னுச்சுன்னு பசங்க இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. அந்த நாள்ல போட்ட ஒரே சத்தம் அதுதான்.

ஒரே சத்தம்னு எழுதிட்டேன், பொய். திரும்பி வர்ற பஸ்ல தண்ணி பாட்டிலைத் தூக்கி எறிஞ்சு விளையாடுனாங்க, ஒண்ணு டிரைவர் சீட் பக்கம் போய் விழுந்துச்சு, எனக்கும் கால் வலி தலைவலி, எழுந்து நின்னு கத்திட்டேன். பழைய டேய். யாரையும் குடும்பத்தை இழுக்கல, பேர் சொல்லல, ஆனா கத்துனேன். பின்னாடி சீட்ல ஒரு பொண்ணு சன்னமா "மிஸ், பக்கத்துல வந்து சொல்லணும்"னா. பஸ்ஸே சிரிச்சுது. நானும் உக்காந்துட்டேன்.

ஜன்னல் பையன் அப்ப ஒன்பதாவது. மாமல்லபுரம் முடிஞ்ச மறுவாரமே அவனைத் தனியா கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன், அப்புறம் அவன் கிளாஸ்லயும் எல்லார் முன்னாடியும் கேட்டேன், எல்லார் முன்னாடி திட்டுனதை தனியா மட்டும் சரி பண்ண முடியாதுன்னு தோணுச்சு. அப்படிக் கேட்டது அவனுக்கு இன்னும் கூச்சமா இருந்துச்சோன்னு இப்ப வரைக்கும் யோசிக்கிறேன். "பரவால்ல மிஸ்"னான். கிளாஸ்ல நல்லாத்தான் இருப்பான், கேள்வி கேட்டா பதில் சொல்லுவான், வணக்கம் வைப்பான்.

செஞ்சி டூருக்கு அவன் பேர் குடுக்கல. வராண்டாவுல பாத்தப்ப ஏன்டா வரலயான்னு கேட்டேன். "இல்ல மிஸ், அன்னைக்கு அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னான்.

டூர் தேதியை நாங்க அப்ப இன்னும் முடிவே பண்ணல.